காய்ச்சல் எத்தனையாவது நாள்? கோவிட் எதிர்ப்பொருள் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு பிஜி மாணவி தீசிஸ் வரைவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஃப்ரீசரில் கிடந்த பழைய கோவிட் மாதிரிகளை வைத்து எழுதியது. முதல் படத்தைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இடது ஓரம் லேசான கோவிட், நடுவில் மிதமானது, வலது ஓரம் தீவிரமானது. ஏணிப்படி மாதிரி ஏறிக்கொண்டே போகிறது ஆன்டிபாடி அளவு, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளின் அளவு. அடியில் ஒரு வரி: "எதிர்ப்பொருள் அளவு கூடக்கூட நோய் தீவிரமாகிறது."

2020 டிசம்பரில் நான் வரைந்ததும் இதே படம்தான். வரியும் ஏறக்குறைய இதேதான். கலர் மட்டும் வேறு.

சிதைந்த ரத்தம், லேபிள் மாறிய குழாய், நாலு தடவை உருக்கி உறைய வைத்த சீரம் (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்) இதையெல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை. அதற்கு லேப் டெக்னீஷியன்கள் இருக்கிறார்கள், நன்றாகவே திட்டுவார்கள். யாரும் திட்டாமல் தீசிஸ் வரைக்கும், சில சமயம் அச்சு வரைக்கும் போய்விடுகிற தவறுகள்தான் எனக்கு எரிச்சல்.

யூனிட்டைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பது

ஒரு கிட்டில் 80 என்பதும் இன்னொரு கிட்டில் 80 என்பதும் ஒன்றல்ல. உலக சுகாதார நிறுவனம் 2020 டிசம்பரில் ஒரு பொது அளவுகோலைக் கொண்டுவந்தது. பிஏயு என்று ரிப்போர்ட்டில் வருவது அதுதான். அபாட் நிறுவனத்தின் குவான்ட் கிட் தரும் எண்ணை 0.142ஆல் பெருக்கினால்தான் பிஏயு கிடைக்கும். பெருக்காமல் இரண்டு லேபின் எண்களை ஒரே எக்ஸெல் பத்தியில் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. ரோஷ் நிறுவனத்தின் ஸ்பைக் கிட்டில் (வைரஸின் மேல் முள்ளாக நிற்கும் ஸ்பைக் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளை அளப்பது) சீரத்தை நீர்க்க வைக்காமல் ஓட்டினால் உச்சத்தில் "250க்கு மேல்" என்றுதான் வரும். நம் ஆட்கள் அதை 250 என்று டைப் செய்து சராசரி போட்டுவிடுவார்கள். 300 இருந்தவரும் 9,000 இருந்தவரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். நீர்த்து ஓட்டுங்கள். சராசரி போடும்போது லாக் எடுத்துப் போடுங்கள்.

ஐ.ஜி.எம். இருந்தால் புதுசு, ஐ.ஜி.ஜி. இருந்தால் பழசு என்பது

ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஜி. இரண்டும் எதிர்ப்பொருளின் வகைகள். இப்படிப் பிரிப்பது டெங்குப் பழக்கம். கோவிடில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தலை காட்டுகின்றன. விட்டுவிடுங்கள்.

நாளைக் கேட்காமல் ரத்தத்தை எடுப்பது

இதற்குத்தான் இந்தக் கட்டுரையே.

2020 ஜூலை, ஆகஸ்டில் எங்கள் மருத்துவமனையில் கோவிட் வார்டுகள் நிரம்பி வழிந்தன. அட்மிட் ஆன மறுநாள் காலை எல்லோருக்கும் வழக்கமான ரத்தப் பரிசோதனை. அந்தக் குழாயில் மிஞ்சும் சீரத்தை, முறைப்படி எத்திக்ஸ் கமிட்டி அனுமதி பெற்று, வாங்கிச் சேர்த்தேன். நூற்றுச் சொச்சம் மாதிரிகள். ஆக்சிஜன் 94ம் அதற்கு மேலும் இருந்தால் லேசு, 90 முதல் 93 வரை மிதம், அதற்கும் கீழே போனால் தீவிரம் என்று பிரித்தேன். தீவிர நோயாளிகளின் அளவு மற்றவர்களைவிடப் பல மடங்கு நின்றது. தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வரும் வாய்ப்பைச் சொல்லும் பி வேல்யூவில் புள்ளிக்குப் பிறகு வரிசையாகச் சைபர்கள். கிட்டுக்குக் கைக்காசு போட்டதும் பிபிஇ கவசத்துக்குள் வெந்ததும் வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் கூட்டத்தில் காட்டினேன். பின் வரிசையில் இருந்த நெஞ்சக நோய்ப் பேராசிரியர் கையைத் தூக்கினார்.

"நீங்க ரத்தம் எடுத்த அன்னிக்கு இவங்களுக்கெல்லாம் காய்ச்சல் எத்தனையாவது நாள்?"

அட்மிட் ஆன தேதி இருந்தது. ஸ்வாப் எடுத்த தேதி இருந்தது. காய்ச்சல் தொடங்கிய தேதி என் பட்டியலில் ஒரு பத்தியாகக்கூட இல்லை.

அந்தக் கேள்வி என் படத்தை எப்படிச் சாய்த்தது என்று சொல்கிறேன். கோவிட் எதிர்ப்பொருள் முதல் நாளே வந்துவிடுவதில்லை. சீனாவில் 285 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2020இல் வெளியிட்டார்கள்: பாதிப் பேருக்கு அது தலைகாட்டவே 13 நாள் ஆனது, 19 நாளுக்குள் எல்லோருக்கும் ஐ.ஜி.ஜி. வந்துவிட்டது. முதல் வாரத்தில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இருக்காது, இரண்டாவது வாரத்தில் செங்குத்தாக ஏறும். இப்போது எங்கள் வார்டை நினைத்துப் பாருங்கள். லேசான நோயாளி காய்ச்சல் முகாமில் மாட்டி, அல்லது பக்கத்து வீட்டுக்காரருக்குப் பாசிட்டிவ் வந்ததால் மாட்டி, மூன்றாவது நாளே உள்ளே வந்துவிடுவார். தீவிர நோயாளி மூச்சு வாங்கும் வரை வீட்டிலேயே கஷாயம் குடித்துவிட்டுப் பத்தாவது நாள் வருவார். என் படத்தின் இடது பெட்டியில் இருந்தது நான்காம் நாள் ரத்தம், வலது பெட்டியில் பதினோராம் நாள் ரத்தம். காலண்டரை அளந்துவிட்டு நோயை அளந்ததாக எழுதியிருந்தேன்.

நாளைச் சரிசெய்தால் வித்தியாசம் மறைந்துவிடுமா? மறையாது. அதே வித்தியாசம் முதலில் ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமும் சாயும். இது புரிய எனக்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது.

வைரஸை முடக்கும் எதிர்ப்பொருள் நோய் தொடங்கிய 14 நாளுக்குள் வந்தவர்கள் தேறினார்கள், அதற்குப் பிறகு தாமதமாக வந்தவர்களில் பலர் தேறவில்லை என்று யேல் பல்கலைக்கழகக் குழு 2021இல் காட்டியது. பிரிட்டனின் ரெக்கவரி என்ற கோவிட் சிகிச்சை ஆய்விலும் இதே சங்கதிதான். மருத்துவமனையில் சேர்ந்து வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில், சேரும்போது எதிர்ப்பொருளே இல்லாதவர்கள் 28 நாளுக்குள் 30% இறந்தார்கள். ஏற்கெனவே இருந்தவர்கள் 15%. ஆக, ஆரம்பத்தில் எதிர்ப்பொருள் இல்லாததுதான் ஆபத்து. ஆனால் அதே தீவிர நோயாளி பிழைத்து மூன்றாவது, நான்காவது வாரத்துக்கு வந்துவிட்டால் அவருடைய அளவு லேசாக வந்துபோனவரைத் தாண்டி எங்கோ நிற்கும். உடம்பில் வைரஸ் நிறைய நாள், நிறைய அளவில் இருந்திருக்கிறது. எதிர்ப்பொருளைத் தயாரிக்கும் பி செல்களுக்கு அத்தனை வேலை. அறிகுறியே இல்லாதவர்களுக்கோ கொஞ்சம்தான் எழும்பும், அதுவும் சீக்கிரம் வடியும். மேலே சொன்ன சீனக் குழு அதே வருடம் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், தேறிவந்த ஆரம்ப மாதங்களிலேயே அறிகுறி இல்லாதவர்களில் 40% பேருக்கு ஐ.ஜி.ஜி. காணாமல் போயிருந்தது, அறிகுறி இருந்தவர்களில் 13% பேருக்குத்தான்.

எட்டாம் நாள் எடுத்தால் தீவிரத்துக்குக் குறைவு, முப்பதாம் நாள் எடுத்தால் தீவிரத்துக்கு அதிகம். நாளைக் குறிக்காத ஆய்வு இந்த இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டுகிறது. உங்கள் வார்டில் யார் எப்போது வந்தார்கள் என்பதைப் பொறுத்து எந்த விடை வேண்டுமானாலும் வரும்.

சரி, தேதியைக் கேஸ் ஷீட்டில் பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். நானும் பார்த்தேன். எல்லா ஷீட்டிலும் ஒரே வாசகம்: காய்ச்சல் 3 நாள். ஊருக்கே சொல்லிவைத்தாற்போல் 3 நாள்! ஜனவரி முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு நம்பராகப் போன் செய்தேன். சில வீடுகளில் நோயாளி எடுக்கவில்லை. எடுக்க அவர் இல்லை.

அப்படி ஒரு வீட்டில் மனைவி பேசினார். "ஆடி அமாவாசைக்கு மறுநாள் ராத்திரிதாம்மா அவருக்கு உடம்பு சுட்டுச்சு. மாமனாருக்குப் படைச்ச வடை மிச்சம் இருந்துச்சு, எடுத்து வச்சேன், வாய் கசக்குது வேணாம்னுட்டாரு." அந்த வருடம் ஆடி அமாவாசை ஜூலை 20. காய்ச்சல் 21இல் தொடங்கியிருக்கிறது. அவர் அட்மிட் ஆனது 31ஆம் தேதி, நான் ரத்தம் எடுத்தது ஆகஸ்ட் 1. ஷீட்டை நம்பியிருந்தால் நான்காம் நாள். உண்மையில் பன்னிரண்டாம் நாள்.

"அப்புறம் ஏம்மா 3 நாள்னு சொன்னீங்க?"

"உண்மையைச் சொன்னா வீட்டுக்குத் தகரம் அடிச்சிருவாங்கன்னு பயம். இத்தனை நாள் ஏன் வச்சிருந்தேன்னு நர்ஸம்மா வேற திட்டுவாங்க." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இதைத் தெரிஞ்சு இப்ப என்னம்மா பண்ணப் போறீங்க?"

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. போனை வைத்த பிறகு அன்றைக்கு வேறு யாரையும் அழைக்கவில்லை.

எத்தனையாவது நாள் என்பதை மறந்த விலை என் ஒரு போஸ்டரோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. தேறியவரின் ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருள் உள்ள பிளாஸ்மாவை எடுத்து நோயாளிக்கு ஏற்றிய சிகிச்சையை நினைத்துப் பாருங்கள். மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் 2020இல் 39 மருத்துவமனைகளில் 464 மித நோயாளிகளை வைத்து நடத்திய பிளாசிட் ஆய்வில், நோய் முற்றியவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து பிளாஸ்மா பெற்றவர்களில் 19%, பெறாதவர்களில் 18%. ஏன் பலனில்லை என்பதற்கு உள்ளேயே ஒரு தடயம் இருக்கிறது: சேரும்போதே 83% பேருக்கு முடக்கும் எதிர்ப்பொருள் இருந்தது. அவர்களுடைய நடு அளவு 1:90 (90 மடங்கு நீர்த்தாலும் வைரஸை முடக்கும்), கொடையாளர்களின் நடு அளவு 1:40. நிரம்பிய குடத்தில் டம்ளர் தண்ணீரை ஊற்றியிருக்கிறோம். இந்த முடிவு 2020 அக்டோபரிலேயே அச்சாகிவிட்டது. அப்படியும் 2021 ஏப்ரலில் "ஓ பாசிட்டிவ் பிளாஸ்மா அவசரம்" என்று நள்ளிரவு வரை வாட்ஸ்அப் அலறிக்கொண்டிருந்தது. நோயாளிக்கு இது எத்தனையாவது நாள் என்று அந்தச் செய்திகளில் ஒன்றில்கூட இருந்ததில்லை. மே மாதம்தான் சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மாவை எடுத்தார்கள்.

இப்போது நான் செய்வது இதுதான். "எத்தனை நாளா காய்ச்சல்?" என்று கேட்பதில்லை, அதற்குப் பதில் 3 நாள். "கடைசியா எப்ப நல்லா இருந்தீங்க? அன்னிக்கு வீட்ல என்ன விசேஷம், என்ன சமையல்?" என்று கேட்டு, காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு தேதியாக எழுதுகிறேன். தொடங்கிய நாள் 0 என்றால் கடைசி வரை 0, 1 என்றால் கடைசி வரை 1. ஒப்பிடுவது ஒரே வாரத்துக்குள் மட்டும். முடிந்தால் ஒரே ஆளிடம் மூன்று தடவை ரத்தம். நூறு பேரிடம் ஒரு தடவை எடுப்பதைவிட முப்பது பேரிடம் மூன்று தடவை எடுப்பது மேல்.

கோவேக்சின் போட்டவரிடம் நியூக்ளியோகேப்சிட் எதிர்ப்பொருளைத் தேடுவது

கோவிஷீல்டு உடம்புக்கு ஸ்பைக்கை மட்டும் காட்டும். கோவேக்சின் செயலிழந்த முழு வைரஸ். வைரஸின் உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் என்ற புரதமும் கூடவே வரும். அந்த எதிர்ப்பொருள் இருப்பதால் மட்டும் "முன்பே தொற்று வந்தவர்" என்று எழுதக் கூடாது. தடுப்பூசி அட்டையைக் கேளுங்கள்.

"எதிர்ப்பொருள்தான் நோயை முற்றவைத்தது" என்று முடிவு எழுதுவது

மாணவி படத்துக்கு அடியில் எழுதிய வரிக்கு வருகிறேன். டெங்குவில் அரைகுறை எதிர்ப்பொருள் நோயை மோசமாக்கும் என்பது உண்மை. நிகரகுவாவில் குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து, எந்த அளவில் அந்த ஆபத்து என்றுகூட 2017இல் காட்டினார்கள். அதைப் படித்துவிட்டு வருபவர்கள் கோவிடிலும் அதே பேயைத் தேடுகிறார்கள். அப்படி இருந்திருந்தால் பிளாஸ்மா பெற்றவர்கள் மோசமாகியிருக்க வேண்டும். ரெக்கவரியில் 11,558 பேரில் ஒரு பாதிக்குப் பிளாஸ்மா கொடுத்தார்கள். 28 நாளில் இறந்தவர்கள் இரு பக்கமும் 24%. உதவவும் இல்லை, கெடுக்கவும் இல்லை.

இதற்காக எதிர்ப்பொருள் என்றாலே சாது என்று எதிர்ப்பக்கம் ஓடிவிடாதீர்கள். தீவிர நோயாளிகளின் ஐ.ஜி.ஜி.யில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரை இல்லாத வகை அதிகம் என்றும், அது கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களை உசுப்பி அழற்சியைக் கூட்டும் என்றும் 2021இல் காட்டினார்கள். நம் கிட் அந்தச் சர்க்கரையைப் பார்ப்பதில்லை, எண்ணிக்கையை மட்டும் சொல்லும். இன்னும் விசித்திரம் ஒன்று உண்டு: உயிருக்கு ஆபத்தான கோவிடில் இருந்த 987 பேரில் 101 பேருக்கு வைரஸை விட்டுவிட்டுத் வைரஸை எதிர்க்க உடம்பே சுரக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தையே முடக்கும் எதிர்ப்பொருள் இருந்தது. அந்த 101இல் 95 பேர் ஆண்கள். லேசாகவோ அறிகுறியே இல்லாமலோ தொற்று வந்துபோன 663 பேரில் ஒருவருக்கும் இல்லை. வைரஸுக்கு எதிரான அளவை மட்டும் பார்க்கும் நம் பட்டியலில் இவர்கள் மற்றவர்களைப் போலத்தான் தெரிவார்கள்.

மறுபக்கம், பிறவியிலேயே பி செல் இல்லாத, எதிர்ப்பொருளே தயாரிக்க முடியாத சிலர் இத்தாலியில் கோவிட் நிமோனியா வந்தும் ஐசியு போகாமல் தேறினார்கள். தொற்றிய செல்களைத் தாக்கும் டி செல் என்று ஒன்று இருக்கிறது. எதிர்ப்பொருளை அளக்கும் சீராலஜி லேபில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது மறந்துபோகும், எனக்கும் சேர்த்துத்தான்.

இறந்தவர்களை மறப்பது

முப்பதாம் நாள் ரத்தம் எல்லாமே பிழைத்தவர்களுடையது.

வயதைச் சரிசெய்யாதது

இதைச் சொல்லவும் வேண்டுமா?

மாணவி தன் மாதிரிகளுக்குத் தேதி தேடிக்கொண்டிருக்கிறார். நாலு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, பாதி நம்பர்கள் மாறிவிட்டன. எங்கள் லேபின் படிவத்தில் இப்போது "காய்ச்சல் தொடங்கிய தேதி" என்று ஒரு கட்டம் இருக்கிறது. காலியாக வந்தால் குழாயை வாங்குவதில்லை. முந்தாநாள் வார்டிலிருந்து ஒரு ஹவுஸ் சர்ஜன் போனில் அலுத்துக்கொண்டார்: "மேடம், இதுக்குப் போய் சாம்பிளைத் திருப்பி அனுப்புறீங்களே. 3 நாள்னு போட்டுக்கோங்க."