ஜீப் சேசிஸில் கமான் பிராக்கெட் விரிசல்: வெல்டிங் வைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்எம் 540, கமாண்டர், மேஜர் என்று எந்தப் பழைய மகிந்திரா ஜீப்பை எடுத்தாலும் நான்கு மூலையிலும் கமான் பட்டைதான், அதாவது வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங். பட்டையின் ஒரு முனை சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், உள்ள ஹேங்கர் பிராக்கெட்டில் பின் (pin) என்னும் இரும்பு முளை போட்டு நிற்கும். மறுமுனை சாக்கிள் என்னும் ஆடும் இணைப்பில் தொங்கியபடி முன்னும் பின்னும் அசையும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு சக்கரம் பாறை மேல், இன்னொன்று பள்ளத்தில். அந்த முறுக்கெல்லாம் வந்து சேரும் இடம் இந்த பிராக்கெட்டும் அதைத் தாங்கும் சேசிஸும்தான். அங்கே விரிசல் விடுவதில் ஆச்சரியம் இல்லை. அதைச் சரிசெய்கிற விதம்தான் பெரும்பாலும் கோளாறு. விரிசல் மேலேயே ஒரு கோடு வெல்டிங், அதன் மேல் கறுப்புப் பெயிண்ட், அரை மணி நேரத்தில் வண்டி வெளியே. சில மாதத்தில் அந்த வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு கோடு ஓடும்.

முதல் தவறு, ஏன் விரிந்தது என்று கேட்காமலே வேலையை ஆரம்பிப்பது. பாரம் ஏறும்போது வளைந்த பட்டை நிமிர்ந்து நீளும், அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் சாக்கிள் ஆடுகிறது. கிரீஸ் பார்க்காமல் சாக்கிளின் பின் (pin) இறுகிப் போயிருந்தால் சாக்கிள் ஆடாது. ஒவ்வொரு குழியிலும் பட்டை பிராக்கெட்டைத் தள்ளி இழுக்கும். கிரீஸ் கன் வைத்து அழுத்தியும் அந்தப் பின்னின் ஓரத்தில் புது கிரீஸ் பிதுங்கவில்லை என்றால் கிரீஸ் ஏற்றும் நிப்பிளோ உள்ளே உள்ள வழியோ அடைத்திருக்கிறது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் எவ்வளவு வெல்டிங் வைத்தாலும் வீண். “லோடு ஏத்தணும்” என்று கூடுதலாக ஒரு பட்டையைச் சொருகுவதும் இதே கதைதான். பட்டை வளைய மறுத்தால் அடி முழுதும் பிராக்கெட்டுக்குப் போகும். விரிசல் ஷாக் அப்சார்பர் பிராக்கெட்டில் என்றால், வண்டியை உயர்த்திவிட்டுப் பழைய ஷாக்கையே விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சக்கரம் கீழே தொங்கும்போது நீளம் போதாமல் ஷாக்கே தடையாக நின்று பிராக்கெட்டைப் பிய்க்கும்.

ரிவிட் அடித்த பிராக்கெட்டில் இன்னொன்று கவனிக்க வேண்டும். ரிவிட் தலையைச் சுற்றி பழுப்பு நிறத் தூள் இருந்தால் அது உள்ளே ஆடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தலையைச் சுற்றி வெல்டிங் வைத்து மூடுவது நம்மூர் வழக்கம். துளை ஏற்கெனவே நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும், அதனால் ஆட்டம் நிற்காது. ரிவிட்டைத் துளைத்தெடுத்து, துளையை வட்டமாகச் சீர்செய்து, இறுக்கமாகப் பொருந்தும் போல்ட் போட வேண்டும். தலையில் 8.8 அல்லது 10.9 என்று வலிமைத் தரம் பொறித்ததாகப் பார்த்து வாங்குங்கள். மரை இல்லாத வழுவழுப்பான பகுதிதான் துளைக்குள் நிற்க வேண்டும்.

அடுத்தது, விரிசல் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்காமல் விடுவது. கண்ணுக்குத் தெரிகிற முனையைத் தாண்டியும் அது போயிருக்கும். பெயிண்டையும் துருவையும் பளபளக்கும் இரும்பு வரை தேய்த்துவிட்டு, மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். பிறகு நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் தேய்த்தால், உள்ளே இறங்கிய எண்ணெய் வெள்ளைப் பரப்பில் மெல்லிய ஈரக் கோடாகக் கசியும். அதற்கென்றே விற்கும் சிவப்புச் சாய ஸ்ப்ரே இன்னும் தெளிவாகக் காட்டும். முனை தெரிந்ததும் அங்கே 5, 6 மில்லிமீட்டரில் ஒரு துளை போட வேண்டும். விரிசலை மேலும் ஓடாமல் நிறுத்துவது அதுதான். துளையோடு வேலை முடிந்தது என்று வண்டியை எடுப்பவர்களும் உண்டு. அது வண்டியை ஊர் சேர்க்கும், அவ்வளவுதான். விரிசல் நெடுகக் கிரைண்டரால் வி வடிவில் பள்ளம் எடுத்து, அடி வரை இரும்பு உருகிச் சேரும்படி நிரப்ப வேண்டும்.

வெல்டிங் ராடு விஷயம் (7018, 6013 என்பவை ராடு வகைகள்): 7018 நல்லதுதான், ஆனால் ஈரம் ஏறக் கூடாது. மழைக்காலத்தில் பாக்கெட்டைப் பிரித்துப் பட்டறை மூலையில் போட்டு வைத்த 7018ஐவிட, காய்ந்த 6013 எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. சூடான வெல்டிங் மேல் தண்ணீர் ஊற்றி ஆற்றுவதை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள். பக்கத்து இரும்பு கடினப்பட்டு நொறுங்கும் தன்மைக்குப் போகும்.

நல்ல வெல்டர்களும் சறுக்குகிற இடம் பலப்படுத்தும் தகடு. “கனமா போட்டா ஸ்ட்ராங்” என்று சேசிஸைவிட இரண்டு மடங்கு தடித்த தகட்டைச் சதுரமாக வெட்டி, நான்கு பக்கமும் வெல்டிங் வைப்பார்கள். தகடு இருக்கும் இடம் வளையாது. வளைவு மொத்தமும் அதன் ஓரத்தில் குவியும். அங்கே மேலிருந்து கீழாக நேர் வெல்டிங் இருந்தால், கிழிப்பதற்கென்று கோடு போட்டுக் கொடுத்த காகிதம் மாதிரி ஆகிவிடும். தகடு ஏறக்குறைய சேசிஸின் தடிமனிலேயே இருந்தால் போதும். முனைகளைச் சாய்வாக, வைர வடிவில் வெட்டி, மூலைகளை உருட்டிவிடுங்கள். சேசிஸின் மேல் மடிப்பிலும் கீழ் மடிப்பிலும் குறுக்கே வெல்டிங் வரவே கூடாது. இழுவிசை அதிகம் தாங்குவது அந்த மடிப்புகள்தான்.

கமான் பட்டையில் வெல்டிங் பொறி ஒன்றுகூடத் தெறிக்கக் கூடாது. அது ஸ்பிரிங் எஃகு. ராடு உரசிய சின்னப் புள்ளியிலிருந்துகூட பட்டை பிறகு உடையும். வெல்டிங் மெஷினின் எர்த் கிளிப்பை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சேசிஸில் மாட்டுங்கள். சக்கரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுத்துவிடும். பேட்டரி டெர்மினலைக் கழற்றுவது, பிரேக் பைப்பையும் ஒயரையும் ஒதுக்கிக் கட்டுவது எல்லாம் தெரிந்ததுதான். சில பழைய மாடல்களில் டேங்க் ஓட்டுநர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும், மறக்க வேண்டாம். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு அங்கே வெல்டிங் பிடித்தால் நச்சு வாயு வரும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், சேசிஸுக்கு ஸ்டாண்டு கொடுத்துப் பட்டையிலிருந்து பாரத்தை இறக்குங்கள். பிராக்கெட்டை முதலில் புள்ளி வெல்டிங்கில் நிறுத்தி, பட்டையின் பின் (pin) தடையில்லாமல் நுழைகிறதா என்று பாருங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம் இடம், வலம் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். இதை விட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், பழி டயர் மேல் விழும். ரப்பர் புஷ் உள்ள வண்டியில், கடைசி இறுக்கு சக்கரம் தரையில் நிற்கும்போதுதான்.

அப்புறம், வேலை முடிந்ததும் அடிப்பாகத்துக்கு அடிக்கும் தடித்த கறுப்புப் பூச்சை அந்த இடத்தில் பூச வேண்டாம். சாம்பல் நிற பிரைமரும் மெல்லிய பெயிண்டும் போதும். அடுத்த முறை பட்டையை அச்சோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டை இறுக்கக் கீழே போகும்போது, பழுப்புக் கோடு ஏதாவது கிளம்பியிருந்தால் பார்த்தவுடன் தெரியும்.