ஏப்ரனின் கைக்குழி வளைவைச் சரிசெய்த விதம்

கோலாலம்பூரின் ஜாலான் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு மீட்டர் பருத்தித் துணி வாங்கி, நனைத்து உலர்த்திய பிறகே நான் முதன்முதலாகத் தைத்த ஏப்ரனில், நேர் ஓரங்கள் ஒழுங்காக அமைந்தன. மார்பிலிருந்து இடுப்புக்கு இறங்கும் கைக்குழி வளைவுகள் மட்டும் பொரித்த அப்பளம்போல நெளிந்து நின்றன. தையல் இயந்திரத்தின்மீது பழிபோட்டு, நூலின் இறுக்கத்தை மாற்றி மாற்றிப் பார்த்ததில் அரைநாள் வீணாயிற்று.

பிழை மடிப்பில் இருந்தது. உட்குழிந்த வளைவை உள்ளே மடிக்கும்போது, குறுகிய வெட்டோரம் தன்னைவிட நீளமான கோட்டின்மேல் படிய வேண்டியிருப்பதால், அது துணியை இழுத்துச் சுருக்குகிறது.

தையலைப் பிரித்து, மீதித் துணியில் 45 பாகைச் சாய்வில் 4 சென்டிமீட்டர் அகலக் கிராஸ் பட்டிகளை வெட்டினேன். இழைகள் சாய்வாக ஓடுவதால் அவை வளைவுக்கேற்ப நீண்டு கொடுக்கும். பட்டியின் நல்ல பக்கத்தை ஏப்ரனின் நல்ல பக்கத்தோடு சேர்த்து, ஓரத்திலிருந்து 1 சென்டிமீட்டர் உள்ளே தைத்து, தையலைத் தொடாதபடி சிறு வெட்டுகள் இட்டு, உள்ளே திருப்பி இஸ்திரி போட்டேன். (இஸ்திரியைத் தவிர்க்கும் சோம்பல் இங்கே உதவாது.) பிறகு பட்டியின் மறு ஓரத்தை மடித்துத் தைத்ததும் வளைவு சமமாகப் படிந்தது.