தைப்பட்ட மாடித்தோட்டம்: அக்னி நட்சத்திரத்திலிருந்து பின்னோக்கி ஒரு கணக்கு

தைப்பட்டத்தில் விதைப்பவர்கள் முதலில் குறித்துக்கொள்ள வேண்டிய நாள் மே 4. அன்று அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. அதற்குள் எந்தச் செடி காய்த்து முடிக்க வேண்டும், எது வெயிலிலும் நிற்கும் என்று பிரித்துவிட்டால் பாதித் திட்டம் முடிந்தது.

அவசரம் தக்காளிக்குத்தான். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் புழுங்கினால் பூ பிஞ்சாகாமல் உதிரும். உரத்தைக் கூட்டினால் இலைதான் கூடும். நாற்றுக்கு 25 நாள், நட்ட பின் பூக்க 30 நாள் என்று வைத்தால், ஜனவரி முதல் வாரத்திலேயே குழித்தட்டில் விதை விழுந்திருக்க வேண்டும். அப்போதுதான் பிப்ரவரி கடைசியில் பூ பார்க்கலாம். கத்தரியும் மிளகாயும் வெயில் தாங்கும். நாற்று 35 நாள் ஆனதும் நடலாம். வெண்டையை நாற்று விட வேண்டாம். இரவு ஊறவைத்து, தை பிற்பாதியில் செடி வளரப்போகும் வளர்ப்புப் பைக்குள்ளேயே ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். 45 நாளில் முதல் காய் வரும்.

நாலு பேர் உள்ள வீட்டுக்கு 10 அடிக்கு 10 அடி இடம் போதும். தக்காளி மூன்று பை, கத்தரி மூன்று, மிளகாய் இரண்டு, கீரைக்கு அகலமான பை இரண்டு, பந்தலேறும் பீர்க்கனுக்குப் பெரிய பை ஒன்று. வெண்டைக்கு மட்டும் ஐந்து பை ஒதுக்கி, பைக்கு இரண்டு செடி வையுங்கள். நாலு செடியோடு நிறுத்தினால் ஒரு பறிப்புக்கு நாலைந்து காய்தான் தேறும், பொரியலுக்குக் காணாது. 12 அங்குலப் பை நனைந்தால் சுமார் 20 கிலோ எடை வரும். தளத்தின் நடுவில் குவிக்காமல் கைப்பிடிச் சுவரை ஒட்டி, செங்கல் மேல் வையுங்கள்.

மண்கலவையில் செம்மண் இரண்டு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒன்று, மண்புழு உரம் ஒன்று. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. கோகோபீட்டை ஊறவைத்துப் பிழிந்து, மறுபடி தண்ணீர் மாற்றிப் பிழிய வேண்டும். அதில் உப்பு தங்கியிருந்தால் இளநாற்றின் இலை ஓரம் கருகும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து நாம் மேலும் ஊற்றுவோம். கலவையை ஈரமாக்கிப் பத்து நாள் ஆறவிட்ட பிறகே நடவு. பையின் மேல் இரண்டு அங்குலம் காலியாக இருக்கட்டும். ஈரம் காயாமல் மண்மேல் சருகு பரப்பும் மூடாக்குக்கு அந்த இடம் வேண்டும்.

கீரை விதையை நாலு பங்கு மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. மேலே மெல்லியதாக மண் தூவி, முளைக்கும் வரை ஈரச் சாக்கால் மூடுங்கள். இல்லாவிட்டால் எறும்பு இழுத்துப்போகும். சிறுகீரை 25 நாளில் தயார் என்பதால் இரண்டு பையையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள்; பத்து நாள் இடைவெளி விடுங்கள்.

தண்ணீரைக் காலை ஏழு மணிக்குள் ஊற்றுங்கள். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்று வேண்டாம். பங்குனி முதல் மாலையிலும் தேவைப்படும்.

கத்தரியில் மற்ற இலைகள் நிமிர்ந்திருக்க, ஒரு நுனி மட்டும் தலை தொங்கினால் அது தண்ணீர்க் குறை இல்லை. தண்டைப் பிளந்து பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்புப் புழு இருக்கும். வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி அழித்துவிடுங்கள். செடியிலேயே விட்டால் அடுத்த தலைமுறை காய்க்குள் போகும். வெண்டை இலை நரம்பு மஞ்சளானால் அது வெள்ளை ஈ பரப்பிய வைரஸ். அதற்கு மருந்து கிடையாது. செடியைப் பிடுங்கிவிட்டு, மீதிச் செடிகளுக்கு வேப்பெண்ணெய் தெளியுங்கள். லிட்டருக்கு 5 மில்லி. முதலில் சோப்புக் கரைசலில் குழைத்துவிட்டுத் தண்ணீர் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் மிதக்கும். ஐந்து மணிக்குப் பிறகு அடியுங்கள், வெயிலில் அடித்தால் இலை வெந்துவிடும்.

பீர்க்கனில் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். உயர மாடிகளுக்குத் தேனீ அதிகம் வராது. அந்தப் பூ மாலையில்தான் மலரும்; ஆறு மணி வாக்கில் ஆண் பூவைப் பறித்து, அடியில் குட்டிக் காய் உள்ள பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டுவிடுங்கள். மூன்று நாளில் பிஞ்சு நீண்டால் பிடித்துவிட்டது.