சர்க்ளிப் ஒன்றின் விலையும் சிலிண்டர் ஒன்றின் விலையும்

பழைய மோட்டார் சைக்கிள் இயந்திரத்தைப் பிரித்துத் தட்டில் பரப்பிவிட்டு, "அண்ணே, இதில் எதையெல்லாம் மாற்ற வேண்டும்?" என்று கேட்பவர்கள் இரண்டு வகை. ஒருவருக்கு எல்லாமே புதிதாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வரவழைக்கப் பணமும் இருக்கிறது. மற்றவர் வளைந்த ஸ்பிளிட் பின்னைக்கூடத் தட்டி நிமிர்த்தித் திரும்பப் போடப் பார்ப்பார். இருவரிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தச் சாமான் உடைந்தால், கூடவே எதை இழுத்துக்கொண்டு போகும்? எண்ணெய் கசிவதோடு போகுமென்றால் யோசித்துச் செலவழிக்கலாம். சிலிண்டர் போகுமென்றால் யோசிக்கவே கூடாது.

என் பட்டறை ஹட்டனில். என் கையில் அதிகம் படுவது பிரித்தானியக் கம்பனியான பீ.எஸ்.ஏ.யின் பீ31: 1945இல் வெளிவந்த 348 சீ.சீ. ஒற்றைச் சிலிண்டர் வண்டி. தோட்டத் துரைமார் ஓட்டி, பிறகு கண்டக்டர்மார் கைக்கு மாறி, கடைசியில் கோழிக்கூட்டோடு ஒட்டிய கொட்டகையில் நின்று துருப்பிடித்தவை. கீழே சொல்பவை அதை வைத்துத்தான். மற்றப் பழைய நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

தயவு தாட்சண்யம் இல்லாமல் வீச வேண்டியவற்றை முதலில் ஒதுக்கிவிடுங்கள். ஸ்பிளிட் பின், காகிதக் கெஸ்கட், ஃபைபர் வாஷர், எண்ணெய் சீல், சப்பையாகிப்போன ஸ்பிரிங் வாஷர். இவற்றைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பூட்டு வாஷரின் நாக்கை ஒருமுறை மடித்திருந்தால், மடிக்காத பக்கத்தை இன்னொருமுறை பயன்படுத்தலாம். மடித்த இடத்திலேயே மறுபடி மடித்தால் வெடிக்கும்.

பிஸ்டனைக் கனெக்டிங் றொட்டோடு இணைக்கும் கஜன் பின்னின் இரு முனைகளிலும் உட்கார்ந்து, அதை வெளியே வராமல் பூட்டும் சர்க்ளிப்பைப் பற்றி மட்டும் சற்று நின்று பேச வேண்டும். பார்வைக்கு அது ஒரு கம்பித் துண்டு. கழற்றும்போது ஒருமுறை நெருக்கினாலே அதன் விறைப்பு குறைந்துவிடும். அது பள்ளத்திலிருந்து நழுவினால் பின் பக்கவாட்டில் நகர்ந்து சிலிண்டர் சுவரை மேலிருந்து கீழாக உழுதுவிடும். அப்புறம் 0.020 அங்குலம் கூட்டிக் குடைந்து, அதற்கேற்ற பிஸ்டன் தேடி அலைய வேண்டியதுதான். ஆகவே எப்போதும் புதியது. போடும்போது அதன் வாய் நேர் மேலே அல்லது நேர் கீழே இருக்கட்டும். கழற்றுவதற்காகப் போட்டிருக்கும் வெட்டுக்கு நேராக வரக்கூடாது. விரலால் தள்ளிச் சுற்றிப் பாருங்கள், முழுச் சுற்றும் பள்ளத்துக்குள் இருக்க வேண்டும். பிஸ்டனில் உள்ள பள்ளமே அகன்றுபோயிருந்தால் புதுச் சர்க்ளிப்பும் காப்பாற்றாது. பிஸ்டன்தான் மாற வேண்டும்.

இதற்கு நேர் எதிர், செம்பு வாஷர். இதை வீசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். இறுக்க இறுக்கச் செம்பு கெட்டியாகிறது, அதனால்தான் கசிகிறது. கம்பியில் கோத்து, காஸ் அடுப்பில் மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். செம்பு மறுபடி மிருதுவாகிவிடும், மேல் கருக்கும் உதிர்ந்துவிடும். கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிய எமரித்தாளை வைத்து இரண்டு பக்கமும் தேய்த்து எடுத்தால் எண்ணெய்க் குழாய் இணைப்புக்குப் புதியதைவிட நன்றாகவே உட்காரும். நடுவில் குழி விழுந்து மெலிந்ததை மட்டும் வீசுங்கள்.

நட், போல்ட், ஸ்டட் விடயத்தில் என் கட்சி பழையதன் பக்கம். அசல் ஸ்டட் நல்ல உருக்கு. கடையில் கிடைக்கும் பளபளப்பான போல்ட் என்ன உருக்கு என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இழுபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய ஸ்டட்டின் மரையை நல்ல ஸ்டட்டின் மரையோடு பல்லுக்குப் பல் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அது நீண்டுவிட்டது. அதை மறுபடி இறுக்கினால் உங்கள் கையிலேயே முறியும், அல்லது கினிகத்தேனை ஏற்றத்தில் முறியும்.

மலையகத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. தேயிலை ஸ்டோர்களின் பழைய உருளைகளும் ட்ரையர்களும் பிரித்தானியாவிலிருந்து வந்தவை. அதனால் வயதான ஃபிட்டர்மாரின் பெட்டியில் பழைய பிரித்தானிய அளவான விட்வர்த் ஸ்பேனரும், மரை வெட்டும் டாப்பும் டையும் இன்னும் கிடக்கும். மரியாதையாகப் போய்க் கேட்டால் இரவல் தருவார்கள். ஆனால் ஸ்பேனர் பொருந்துவதால் மரையும் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே 5/16 அங்குலத் தண்டில் ஓர் அங்குலத்துக்கு விட்வர்த் 18 மரை, நுண்மரையான பீ.எஸ்.எஃப். 22, சைக்கிள் மரை 26. இதற்குள் 8 மில்லிமீற்றர் போல்ட்டைத் திணிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 5/16 என்பது 7.94 மில்லிமீற்றர் என்பதால் ஒன்றிரண்டு சுற்று ஏறும். பிறகு அலுமினியத்தில் உள்ள மரையை வழித்துக்கொண்டு வரும்.

வால்வுப் பக்கம் போவோம். ஸ்பிரிங்கை அளக்க எந்திரம் தேவையில்லை. பழையதையும் புதியதையும் முனையோடு முனை வைத்து வைஸில் நெருக்குங்கள். பழையது அதிகம் சுருங்கினால் மாற்றுங்கள், சமமாகச் சுருங்கினால் வைத்துக்கொள்ளுங்கள். வால்வுத் தண்டைக் கவ்விப் பிடிக்கும் கொலெட்டின் இரண்டு பாதிகளையும் வால்வில் பொருத்திப் பாருங்கள். அவற்றுக்கு நடுவே சிறு இடைவெளி இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் தண்டைக் கவ்வ இடமில்லை என்று பொருள். வால்வு உள்ளே விழுந்தால் பிஸ்டனும் ஹெட்டும் சேர்ந்து போகும். ஆகவே சந்தேகம் இருந்தாலே மாற்றுங்கள், எப்போதும் சோடியாக.

வால்வுத் தண்டு ஓடும் குழாயான வால்வு கைட் தேய்ந்திருப்பதைப் பிரிக்கும் முன்பே தெரிந்துகொள்ள நம் சாலைகளே போதும். நுவரெலியாவிலிருந்து றம்பொடை இறக்கத்தில் திரொட்டிலை மூடியபடி கியரிலேயே இறங்கி, கீழே வந்ததும் திரும்பத் திறக்கும்போது பின்னால் நீலப் புகை கிளம்புகிறதா? மூடிய திரொட்டில் உண்டாக்கும் உறிஞ்சலில் இன்லெட் கைட் வழியாக எண்ணெய் இறங்குகிறது. ஏற்றத்தில் முக்கும்போது முழு நேரமும் புகைந்தால் பிஸ்டன் றிங்கைப் பாருங்கள். பழைய றிங்கை சிலிண்டருக்குள் நேராக வைத்து வாய் இடைவெளியை அளக்கலாம். துளையின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறக்குறைய 0.004 அங்குலம் என்பது பொதுக் கணக்கு. பீ31இன் துளை 71 மில்லிமீற்றர், அதற்கு 0.011 வரும். அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இருந்தால் றிங் முடிந்தது.

பீ.எஸ்.ஏ. நெடுநாள் நின்றால் டாங்கில் உள்ள எண்ணெயெல்லாம் இயந்திரத்தின் அடிக்கூடான கிராங்கேஸுக்கு வடிந்துவிடும் என்று எல்லோரும் குறைப்படுவார்கள். அதைத் தடுப்பது ஒரு சிறிய உருக்குக் குண்டும் ஸ்பிரிங்கும்தான். குண்டைத் திரும்பப் போடாதீர்கள். குண்டு உட்காரும் இடத்தைத் துடைத்து, பழைய குண்டை அதில் வைத்து, பித்தளைக் கம்பியால் மெதுவாக ஒரு தட்டு. பிறகு அதே அளவுள்ள புதுக் குண்டு. இதற்காகப் புது எண்ணெய்ப் பம்பு வாங்கியவரைப் பார்த்திருக்கிறேன்.

கார்புரேட்டரில் தேய்வது கண்ணுக்குத் தெரியாது. அமால் கார்புரேட்டரில் ஊசி ஏறி இறங்கும் நீடில் ஜெட்டில் 106 என்று பொறித்திருந்தால் அதன் துளை 0.106 அங்குலம். ஊசி உரசி உரசி அது நீள்வட்டமாகிவிடும், பெற்றோலைக் கூடுதலாக விடும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். கொழும்பில் சரி செய்த வண்டி மேலே வந்ததும் பிளக் கறுப்பதற்கு அதுவே போதும். ஆகவே முதலில் நீடில் ஜெட்டைப் புதிதாகப் போடுங்கள், விலை சொற்பம். பிறகும் கறுத்தால்தான் மெயின் ஜெட்டை ஒரு அளவு குறைக்க வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால் எது காரணம் என்றே தெரியாது. கார்புரேட்டர் உடலை மட்டும் முடிந்தவரை வைத்துக்கொள்ளுங்கள்; வளைந்த ஃபிளாஞ்சைக் கண்ணாடியில் வைத்துத் தேய்த்தால் நேராகிவிடும்.

பேரிங் பற்றி ஒரே சட்டம். வட்டவளைப் பக்கத்து மழையில் சில வருடங்கள் நின்ற வண்டியென்றால், எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் மாற்றுங்கள். மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து விரலில் மெதுவாகச் சுற்றினால் துருக்குழி தட்டுவதை உணரலாம். காற்றடித்துச் சுழற்றிப் பார்ப்பது வீண் வேலை. எடுக்கும்போது சுத்தியலைத் தொடாதீர்கள். கிராங்கேஸை நூறு பாகை அளவுக்குச் சூடாக்கினால், தண்ணீர்த் துளி பட்டதும் சீறும் பதத்தில், அலுமினியம் விரிந்து பேரிங் தானே விழும். அறிமுகமான பேக்கரிக்காரர் இருந்தால், பாண் சுட்டு முடித்த அடுப்பு இதற்கு அருமையானது. பேரிங்கின் மேல் உள்ள எண்ணை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். அந்த எண்ணுக்கு பீ.எஸ்.ஏ. பெயர் போட்ட பெட்டி வேண்டியதில்லை, நல்ல கம்பனியின் பேரிங் எதுவானாலும் சரி.

புதிது என்பதாலேயே எதையும் நம்பாதீர்கள். 2022இல் ரூபா விழுந்த பிறகு வெளிநாட்டுப் பொட்டலம் ஒன்றுக்கு ஆகும் செலவில், போலிச் சாமான் வந்து சேர்ந்தால் வயிறு எரியும். வால்வைத் தள்ளும் றொக்கர், டப்பெட் போன்றவை கெட்டியாக்கப்பட்டிருக்க வேண்டும். மறைவான ஓரத்தில் அரத்தை இழுத்துப் பாருங்கள்: வழுக்கினால் நல்லது, கடித்தால் திருப்பி அனுப்புங்கள். அதைவிட, சற்றுத் தேய்ந்த அசலை லேத் பாஸிடம் கொடுத்துச் சீராக்குவது மேல். கொழும்பில் உதிரிச் சாமான் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போனால் பழைய சாமானையும் வெர்னியரையும் கொண்டுபோங்கள், கடைக்காரர் "அதேதான்" என்று சொன்னாலும் அங்கேயே அளந்து பாருங்கள்.

பூட்டி முடித்து முதல் சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் எண்ணெயை வெள்ளைத் துணியில் வடியுங்கள். மெல்லிய சாம்பல் நிறப் பொடி இருந்தால் கவலையில்லை, அது றிங் உட்காரும் பொடி. காந்தத்தில் ஒட்டும் செதில் வந்தால் பேரிங், பல்சக்கரப் பக்கத்தைத் திறக்க வேண்டும். ஒட்டாத மஞ்சள் துகள் வந்தால் ஏதோ ஒரு புஷ் தேய்கிறது. கஜன் பின் ஓடும் ஸ்மோல் எண்ட் புஷ்ஷிலிருந்து தேடத் தொடங்குங்கள்.