புளூபெர்ரி இறக்குமதி: கப்பலேறும் முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

இறக்குமதி ஆவணத்தில் உள்ள பிழையைத் திருத்த நான்கு நாள் போனால், புளூபெர்ரியை விற்கக் கிடைக்கும் நாட்களில் நான்கு குறையும். அதனால் இந்தியாவுக்குப் புதிய பெர்ரி கொண்டுவருபவரின் வேலையில் பெரும்பகுதி, பழம் ஏற்றுமதி நாட்டில் பெட்டியில் ஏறுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதலில், தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை, 2003-ன் அட்டவணைகளைப் பாருங்கள். பயிரின் தாவரவியல் பெயர், எந்த வடிவில் வருகிறது (பழமா, நாற்றா), எந்த நாட்டிலிருந்து வருகிறது ஆகிய மூன்றும் ஒரே வரியில் பொருந்த வேண்டும். ஒரு நாட்டுப் பழத்துக்கு அனுமதி இருப்பதால் பக்கத்து நாட்டுப் பழத்துக்கும் உண்டு என்று எண்ணாதீர்கள். அட்டவணையில் அப்படி ஒரு பதிவே இல்லையென்றால், பூச்சி அபாய ஆய்வு முடிந்து அரசிதழில் சேரும்வரை அந்தப் பழத்தைக் கொண்டுவர முடியாது. அட்டவணைகள் அடிக்கடி திருத்தப்படுவதால், பழைய பிரதியை நம்பி ஆர்டர் கொடுக்க வேண்டாம்.

ஆறாம் அட்டவணையில் இருக்கும் பழத்துக்கு இறக்குமதி பெர்மிட் வேண்டும். அதைச் சரக்கு கிளம்பும் முன்பே வாங்கி, நகலை ஏற்றுமதியாளருக்கு அனுப்பிவிடுங்கள். அந்த நாட்டுத் தாவரப் பாதுகாப்பு அலுவலகம் அதைப் பார்த்துத்தான் ஃபைட்டோசானிட்டரி சான்றிதழை (பழம் பூச்சி, நோய் இல்லாதது என்ற தாவர நலச் சான்று) எழுதும். பெர்மிட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது.

அதிகம் தவறு நடப்பது இந்தச் சான்றிதழில்தான். "பூச்சி இல்லை" என்ற பொதுவான வரி போதாது. அட்டவணை கேட்கும் கூடுதல் உறுதிமொழி பூச்சியின் பெயரோடு அப்படியே இருக்க வேண்டும். குளிர் சிகிச்சை (பழத்தைப் பல நாள் குளிரில் வைத்துப் புழுவைக் கொல்வது) செய்திருந்தால் வெப்பநிலை, நாட்கள், தேதி ஆகியவை சான்றிதழில் சிகிச்சைக்கென உள்ள கட்டத்தில் நிரம்பியிருக்க வேண்டும். வரைவை மின்னஞ்சலில் வாங்கி, பெர்மிட்டோடு வார்த்தைக்கு வார்த்தை ஒப்பிட்ட பிறகே கையெழுத்துக்கு விடச் சொல்லுங்கள்.

குளிர் சிகிச்சை மத்தியதரைக் கடல் பழ ஈயின் புழுவைக் கொல்வதற்கு. பரவலாகப் பயன்படும் அமெரிக்க அட்டவணைப்படி, பழத்தின் உள்வெப்பம் 1.11 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே 14 நாள், 1.67-ல் 16 நாள், 2.22-ல் 18 நாள் இருக்க வேண்டும். இந்தியாவுக்கான அளவு பெர்மிட்டில் இருப்பதுதான். வெப்ப உணரியை நொறுக்கிய பனியும் நீரும் கலந்த குழம்பில் வைத்து 0 டிகிரி காட்டுகிறதா என்று பார்த்து, பழத்துக்குள் குத்துங்கள். காற்றில் தொங்கவிட்டால் அது காட்டும் எண் பழத்தின் எண்ணாகாது. முன்குளிரூட்டாமல் ஏற்றிய பழம் இலக்குக்கு இறங்கும்வரை நாள் எண்ணிக்கை தொடங்காது. ரீஃபரின் (குளிர்பதனக் கண்டெய்னர்) உள்ளே உள்ள சிவப்புக் கோட்டுக்கு மேல் அடுக்கினால் காற்றோட்டம் தடைபட்டு மேல்வரிசை சூடாகும். ராஸ்பெர்ரி இத்தனை நாள் தாங்காது. விமானத்தில் வரும் அந்தப் பழத்துக்குப் பூச்சியற்ற பகுதியில் விளைந்தது என்ற சான்று போன்ற வேறு வழியை இந்திய ஆணையின் அட்டவணை ஏற்கிறதா என்று பாருங்கள்.

கவனிக்க வேண்டிய இன்னொரு பூச்சியான புள்ளிச்சிறகு டிரோசோபிலா ஈ, பழுக்கத் தொடங்கிய பழத்தின் தோலை ரம்பம் போன்ற உறுப்பால் கீறி உள்ளே முட்டையிடும்; வெளியே பார்த்தால் பழம் நன்றாகவே தெரியும். பேக்கிங் கூடத்திலேயே ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள்: நான்கு கப் நீரில் கால் கப் உப்பைக் கரைத்து, லேசாக நசுக்கிய பழங்களை அதில் போட்டுக் கால் மணி நேரம் வைத்தால், புழு இருந்தால் வெளியே வந்து மிதக்கும். மில்லிமீட்டர் கணக்கில்தான் இருக்கும், லென்ஸ் வேண்டும்.

பெட்டியில் இலை, காம்பு, மண் எதுவும் வரக்கூடாது. சரக்கை அடுக்கும் மரப் பலகைகளில் ஐஎஸ்பிஎம் 15 (மரப் பேக்கிங்குக்கான சர்வதேசத் தரம்) முத்திரை இருக்க வேண்டும்: மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேறியது என்பதற்கோ, ஏற்கப்பட்ட புகையூட்டலுக்கோ அது அடையாளம்.

சரக்கு வந்ததும் கஸ்டம்ஸின் ஒற்றைச் சாளர இணையவழி அமைப்பு வழியாகப் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்கு பற்றிய அறிவிப்புப் படிவம்) போகும். தாவரத் தொற்றுத்தடுப்பு அலுவலகம், உணவுப் பாதுகாப்பு ஆணையம் இரண்டின் அனுமதியும் தேவை. ஆய்வாளர் வரும்போது குளிர் சிகிச்சையின் வெப்பநிலைப் பதிவுக் கோப்பையும் அசல் சான்றிதழையும் கையில் வைத்திருங்கள். உயிருள்ள பூச்சி கிடைத்தால் புகையூட்டல், திருப்பி அனுப்புதல், அழித்தல் என எது முடிவானாலும் செலவு இறக்குமதியாளருடையது. மெத்தில் புரோமைடு புகையில் பெர்ரியின் தரமும் குறையலாம். அந்த இழப்பையும் விலையில் கணக்கிட்டு வையுங்கள்.