கிரீன் எந்தப் பக்கம் சாய்கிறது? தள்ளி நின்றே பாருங்கள்

மேடும் பள்ளமுமான கோல்ஃப் மைதானத்தில், கிரீனை (குழி இருக்கும், புல்லை ஒட்ட வெட்டிய இடம்) நோக்கி நடந்து வரும்போதே சுற்றி எது உயரம், இங்கே ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பட் அடிக்கும்போது, அதாவது குழியை நோக்கிப் பந்தைத் தரையோடு உருட்டும்போது, அது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் திரும்பும். கிரீன் மேல் ஏறி நின்றுவிட்டால் சுற்றிலும் எல்லாமே சேர்ந்து சாய்ந்திருப்பதால் கண் ஏமாந்துவிடும், சரிவே சமதளம் மாதிரி தெரியும். மழைநீர் தேங்கினால் புல் அழுகும் என்பதால், வடிவமைப்பவர்களும் நிலத்தின் போக்கை ஒட்டியே கிரீனைச் சாய்த்து வைப்பார்கள். அலிஸ்டர் மெக்கன்சியும் பாபி ஜோன்ஸும் வடிவமைத்து 1933இல் திறந்த அமெரிக்காவின் அகஸ்டா நேஷனலில், தாழ்வான மூலையில் ஓடும் ரேஸ் கிரீக் ஓடையின் பக்கம்தான் பந்து இழுக்கும் என்பது கேடிகள் (ஆட்டக்காரரின் பையைச் சுமந்து யோசனை சொல்லும் உதவியாளர்கள்) காலங்காலமாகச் சொல்லும் பாடம்.

சரி, எங்கே பலிக்காது? சமதள மைதானத்தில் இதற்கு வேலையே இல்லை. அப்புறம், கிரீன் அடுக்கடுக்காக இருந்து குழி ஒரு சின்ன மேட்டின் ஓரத்தில் இருந்தால், தூரத்தில் பார்த்ததை விட்டுவிட்டுக் குழியைச் சுற்றியுள்ள இரண்டு மூன்று அடியை மட்டும் குனிந்து பாருங்கள். முரட்டு பெர்முடா புல்லாக இருந்தால் அது படுத்திருக்கும் திசையும் பந்தை இழுக்கும்.