செக்யூரிட்டி டெண்டர் மதிப்பீட்டுத் தகராறு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தார். செக்யூரிட்டி ஏஜென்சி ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. ஓர் அரசு அலுவலகத்தின் காவலர் டெண்டரில் எல்2, அதாவது குறைந்த ரேட்டில் இரண்டாவது ஆள், ஆகிவிட்டார். "அண்ணே, எல்1 போட்ட ரேட்டில் ரிலீவர் (மாற்றுக் காவலர்) செலவே இல்லை. நான் சேர்த்துப் போட்டிருக்கேன். ரெண்டையும் ஒண்ணா வச்சு எப்படி ஒப்பிட்டாங்க? கோர்ட்டுக்குப் போகலாமா?" என்றார். "டெண்டர் போடும் முன் சந்தேகம் கேட்க வைக்கும் ப்ரீ-பிட் கூட்டத்தில் இதைக் கேட்டீங்களா?" என்றேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை.

நான் பல வருடங்களுக்கு முன் செய்ததும் அச்சு அசலாக இதேதான். இ.எம்.டி. என்ற முன்வைப்புத் தொகையைக் கட்ட மறப்பது, டிஜிட்டல் கையெழுத்து காலாவதியாவது எல்லாம் ஒருமுறை பட்டால் தானாகத் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சந்தேகத்தை மனதில் வைத்துக்கொண்டே ரேட் போடுவது

விலைப் பட்டியலில் "ஒரு காவலருக்கு மாதச் செலவு" என்று ஒரு கட்டம் இருக்கும். மாதம் என்றால் 26 நாளா, 30 நாளா? காவலருக்கு வாரம் ஒருநாள் ஓய்வு உண்டு. அன்று அந்த இடத்தில் நிற்க ரிலீவர் வேண்டும். ஆறு பேருக்கு ஒரு ரிலீவர் என்பது கணக்கு. அதாவது செலவில் ஆறில் ஒரு பங்கு கூடும். பல டெண்டர்களில் இதை யார் தலையில் கட்டுவது என்று தெளிவாக எழுதியிருக்காது.

எனக்கு வந்த டெண்டர் 60 காவலர்களுக்கு, இரண்டு வருடத்துக்கு. ப்ரீ-பிட் கூட்டத்தில் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கட்டத்தைப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தேன். ஆனால் கேட்கவில்லை. கேட்டால் மற்றவர்களும் உஷாராகிவிடுவார்கள், தெரியாமல் குறைத்துப் போடுபவன் வேலை எடுத்துத் திணறட்டும் என்று நினைத்தேன்.

கணக்கைப் பாருங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் சேர்த்து ஒரு காவலருக்கு 26 நாள் செலவு 18,000 ரூபாய் என்று வையுங்கள். ரிலீவர் சேர்த்தால் 21,000. ஆளுக்கு 3,000 என்றால் 60 பேருக்கு மாதம் 1,80,000. 24 மாதத்துக்கு 43,20,000. இந்த வித்தியாசத்தை ஏஜென்சி தனக்கென்று போடும் சர்வீஸ் சார்ஜை எவ்வளவு குறைத்தும் ஈடுகட்ட முடியாது. நான் தோற்றேன்.

உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டேன். முதல் கேள்வியே, "டெண்டரில் கலந்துகொள்வதற்கு முன் ஏன் கேட்கவில்லை?" என்பதுதான். என் வக்கீலிடம் பதில் இல்லை. மனு தள்ளுபடி.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1994-ல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் அடித்தளம்: முடிவு சரியா என்று நீதிமன்றம் பார்க்காது, முடிவெடுத்த முறை சரியா என்றுதான் பார்க்கும். 2016-ல் ஆஃப்கான்ஸ் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், டெண்டர் ஆவணத்தை எழுதியவருக்கே அதன் பொருள் நன்றாகத் தெரியும் என்றது. கெட்ட நோக்கமோ அப்பட்டமான கோணலோ இல்லாதவரை அவர்கள் கொடுக்கும் விளக்கமே நிற்கும். ஆக, மயக்கமான ஒரு வரியை வைத்துக்கொண்டு தோற்ற பிறகு சண்டை போடுவது கிட்டத்தட்ட வீண்.

பணம் போனதைவிட எனக்கு இன்னும் எரிச்சல் தருவது வேறொன்று. ஆறு மாதம் கழித்து அதே வளாகத்துக்கு வேறு வேலையாகப் போனேன். முன்பு எங்களிடம் இருந்த ஒரு பெரியவர் கேட்டில் நின்றார். வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமைகள் உட்பட முப்பது கட்டத்திலும் அவர் கையெழுத்து. ரிலீவரே இல்லை. நான் அன்று வாயைத் திறந்திருந்தால் அவருக்கு வாரத்தில் ஒருநாள் வீட்டில் இருக்கக் கிடைத்திருக்கும்.

அதனால் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். பக்க எண், பிரிவு எண் போட்டு, "இதற்கு இரண்டு பொருள் வருகிறது, 26 நாளா, ரிலீவர் சேர்த்து 30 நாளா? எல்லோருக்கும் பொதுவாகத் திருத்த அறிவிப்பு வெளியிடவும்" என்று அனுப்புங்கள். கூட்டத்தில் அதிகாரி வாயால் சொன்ன பதில் காகிதத்தில் வராவிட்டால் அது பதிலே இல்லை.

சர்வீஸ் சார்ஜைப் பூஜ்யமாகப் போடுவது

மத்திய நிதி அமைச்சகம் 2014 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது: கட்டணம் எதுவும் இல்லை என்று போட்டால் அந்த ஏலத்தையே பரிசீலிக்கக் கூடாது. அதற்குப் பிறகு 0.01 என்று போடத் தொடங்கினார்கள். அப்படி எடுத்த வேலையில் லாபம் எங்கிருந்து வரும்? காவலரின் பி.எஃப்.-லிருந்துதான். தயவுசெய்து வேண்டாம்.

ஆர்.டி.ஐ. பதிலுக்காகக் காத்திருப்பது

தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ன்படி, டெண்டர் ஏற்கும் அதிகாரியின் உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். ஆர்.டி.ஐ.-க்குப் பதில் தர 30 நாள் உண்டு. மதிப்பீட்டுத் தாளை ஆர்.டி.ஐ.-யில் கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் பேப்பர் வருவதற்குள் கதவு மூடியிருக்கும். முதலில் மேல்முறையீடு, அப்புறம் ஆர்.டி.ஐ.

ஆதாரமில்லாமல் லஞ்சம் என்று எழுதுவது

எழுதாதீர்கள்.

பத்து காரணங்களை அடுக்குவது

மேல்முறையீட்டுக்கு, அறிவித்த நிபந்தனையை டெண்டர் விட்டவர்களே மீறிய இடம் ஒன்று இருந்தால் போதும். அந்தத் தம்பியின் ரிலீவர் வாதம் எடுபடாது, சொல்லிவிட்டேன். ஆனால் பேச்சுக்கு நடுவே இன்னொன்று சொன்னார். டெண்டரில் கடைசித் தேதியன்று செல்லுபடியாகும் பசாரா உரிமம் கட்டாயம் என்று இருக்கிறது. 2005-ம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டத்தின்படி அந்த உரிமம் ஐந்து வருடத்துக்குத்தான். எல்1 பதிவேற்றிய நகலில் அந்த ஐந்து வருடம் கடைசித் தேதிக்கு முன்பே முடிந்திருக்கிறது. புதுப்பித்த நகல் போர்ட்டலில் இல்லை. இதை ஏழாவது காரணமாக எழுதி வைத்திருந்தார்! மற்ற ஆறையும் அடித்துவிட்டு இதை மட்டும் இரண்டு பக்கத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன். உத்தரவு வந்து நான்கு நாள் ஆகிறது. இன்னும் ஆறு நாள் இருக்கிறது.